மூன்று விசில்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத வெள்ளக் கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

பத்தரை மணிக்கு என்று சொல்லியிருந்த விசில், பத்து மணிக்கே ஊதிவிட்டது.

ஹஃபீசா அப்போது தெருமுனை மளிகைக் கடையில் நின்றிருந்தாள். கையில் கால் கிலோ ரவை.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று என்றால் வெள்ளம்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் தாழ்வான தெரு அது. போன வருஷம், இரண்டாயிரத்து ஐந்தில், இடுப்பளவு தண்ணீர் மூன்று நாள் அசையாமல் நின்றது. வடிந்த பிறகு ஒரு மாதம், மதில் மேலெல்லாம் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

அதனால்தான் சின்மயி என்ற பெண், ஏதோ சேவை அமைப்பிலிருந்து, நாலு ஞாயிற்றுக்கிழமையாக வந்து வகுப்பு எடுத்தாள். தீ என்றால் ஒரு விசில், வாசலுக்கு ஓட வேண்டும். நிலநடுக்கம் என்றால் இரண்டு, சுவர் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். வெள்ளம் என்றால் மூன்று, தெருவின் ஒரே மாடி வீடான சம்பத் வீட்டு மொட்டைமாடிக்கு ஏற வேண்டும்.

"சுனாமிக்கு விசில் வேணாம் மேடம்," என்றார் சம்பத். "அது நம்ம தெருவுக்கு வரணும்னா வேளச்சேரியில எறங்கி பஸ் மாறணும்."

தெருவே சிரித்தது. சின்மயிகூடச் சிரித்துவிட்டாள். எது நம் பக்கம் வரும், எது வராது என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும் என்றாள்.

சிரிக்காதவள் ஹஃபீசா ஒருத்திதான்.

அவள் மருமகள் ஷபீனாவுக்குக் காது கேட்காது. பிறவியிலிருந்தே. பேச்சும் வராது.

நிக்காஹ் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. தெருவில் ஒருவரிடமும் ஹஃபீசா சொல்லவில்லை. வெட்கப்பட்டு அல்ல. அந்தப் பிள்ளை வைக்கும் குருமாவுக்கு எந்தக் காது வேண்டும்? ஆனால் சொன்னால் நாலு பேர் வாசலில் நின்று 'பாவம்' என்பார்கள். அந்தச் சொல் தன் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. அதனால் கேட்டவர்களிடமெல்லாம், "கூச்ச சுபாவம், பேச மாட்டா," என்று சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

காது கேட்காதவர், நடக்க முடியாதவர் யாராவது உண்டா என்று சின்மயி வீடு வீடாக வந்து கேட்டபோதும், இல்லை என்றுதான் சொன்னாள். ஒத்திகை அன்று பத்தரைக்கு நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

இப்போது மணி பத்து.

ரவையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். பாதித் தெருவில் சின்மயி கையை விரித்து மறித்தாள்.

"திரும்பி வீட்டுக்குள்ள போகக் கூடாதும்மா. தண்ணி வந்தாச்சு. வெள்ளம் என்ன, நேரம் சொல்லிட்டா வரும்?"

பின்னால் வந்த கூட்டம் அவளையும் சேர்த்து மாடிப்படி ஏற்றிவிட்டது.

மேலே இருந்து பார்த்தால் தன் வீட்டுக் கதவு தெரிந்தது. பாதி திறந்திருந்தது. பின்கட்டில் ஷபீனா தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். விசில் ஊதினால் என்ன, இடி விழுந்தால் என்ன.

இது ஒத்திகைதான். ஆனால் நாளைக்கு நிஜமாகவே தண்ணீர் வரும்போதும் நான் இப்படிக் கடையில் நின்றால்?

மூன்று மாதமாக ஒரு சொல்லை உள்ளே விடாமல் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவள், கையை எடுத்தாள்.

"என் மருமகளுக்குக் காது கேக்காதும்மா." மாடி முழுக்கக் கேட்டது. "விசில் கேட்டிருக்காது. என்னை விடுங்க."

யாரும் 'பாவம்' என்று சொல்லவில்லை. யாரும் திகைக்கக்கூட இல்லை. சம்பத் மட்டும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்து, கீழே கையைக் காட்டினார்.

இஸ்திரி வண்டிக்காரி கிளியம்மாள் வந்துகொண்டிருந்தாள். அவள் பிடியில் ஷபீனா. முழங்கை வரை சோப்பு நுரை.

"இன்னாத்துக்குக்கா இப்டி கத்துறீங்க," என்றாள் கிளியம்மாள், படியேறிய மூச்சு வாங்கலோடு. "இவ வந்த ரெண்டாம் நாளே எங்களுக்குத் தெரியும். தண்ணி லாரி வந்துச்சுன்னு நான் போட்ட கூப்பாடு குன்றத்தூர் மலைக்கே கேட்டுருக்கும். இவ திரும்பல. அப்பால, கிட்டப் போய் தோளத் தொட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்க மூடி வெச்சத நாங்க எதுக்குத் தொறக்கணும்?"

அப்போதுதான் ஹஃபீசா கவனித்தாள். ஷபீனாவின் நனைந்த விரல்கள் காற்றில் ஏதோ கேட்டன. சம்பத்தின் மனைவி விரல்களாலேயே பதில் சொன்னாள். எதிர்வீட்டுப் பெண் நடுவில் புகுந்து இரண்டு கையாலும் மறுத்தாள். அந்தப் பிள்ளையோடு பேசத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று மூன்று மாதமாக நினைத்திருந்தாளே, இங்கே மாடியே சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

ஷபீனா ஒரு கையை இடுப்பில் ஊன்றினாள். முகவாயை உயர்த்தினாள். முக்காட்டை வெடுக்கென்று முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள்.

பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அது என்ன?" என்று கேட்டாள் ஹஃபீசா.

கிளியம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

"அது நீங்கதான்கா. உங்களுக்கு அவ வெச்ச பேரு."

"நானா?" என்று ஹஃபீசா ஒரு கையை இடுப்பில் ஊன்றி, முகவாயை உயர்த்தி, முக்காட்டை வெடுக்கென்று முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள்.

உங்கள் வீட்டு அடுப்பு நனையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. கதவைத் தட்டாமல் உள்ளே வர உரிமையுள்ள ஒருத்தியாவது உங்கள் தெருவில் இருக்கட்டும்.