குதிர் பக்கம் போகாதே

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பெரியவர் தீனதயாளன், அவர் மருமகள் ராணியம்மாள், அவர்கள் வளர்ப்புக்கு எடுத்திருந்த கல்வராயன் மலைச் சிறுமி கவியா, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்த குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் தேவிப்ரியா, ஊராட்சிக் குழு உறுப்பினர் பிரவீன்குமார்.

“பாப்பாகிட்ட தனியா பேசணுங்க. நீங்க வெளிய இருங்க,” என்றார் அலுவலர்.

“என் வூட்டுல என்னையே வெளிய நிக்கச் சொல்றியாம்மா? மூணு தலைமுறையில இந்த வாசப்படிய எந்த அதிகாரியும் விசாரணைக்குன்னு மிதிச்சதில்ல!”

வெளியே போன பெரியவரின் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. உள்ளுக்குள் மட்டும் பயம். ஒரு புகார் போதும், பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போய்விடுவார்கள். ஜன்னல் வழியே பார்த்தார். கவியா அழுதபடி நெல் குதிர் பக்கம் கைகாட்டினாள்.

அலுவலர் இறுகிய முகத்தோடு வந்தார். “குதிர் பக்கம் போனா பாப்பாவைத் திட்டுறீங்களாமே, ஏன்?”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிரவீன்குமார் உள்ளே போய்க் குதிருக்குள் கையை விட்டு, ஒரு தூக்குச்சட்டியை வெளியே எடுத்தான்.

ராணியம்மாள் மூடியைத் திறந்தாள். “அதிரசமா! சக்கரை முந்நூறு இருக்குது மாமா. டாக்டர் இன்னா சொன்னாரு?”

“தாத்தா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுச்சு. தாத்தா செத்துடும்னு பயமா இருக்குதுக்கா,” கவியா விசும்பினாள்.

அலுவலர் படிவத்தில் எழுதினார்: ‘பிள்ளை நலம். கண்காணிப்பு பெரியவருக்குத்தான் தேவை.’

தீனதயாளன் வீட்டுப் பிள்ளையை அதிகாரிகள் கொண்டுபோய்விட்டதாகச் சங்கராபுரம் வரை பேச்சு. அது பொய். கொண்டுபோனது தூக்குச்சட்டியை.