துணி சுருக்கும் மெஷின்

“இந்த மனுஷனுக்கு ஒரு பட்டனைத் திருப்பத் தெரியாது தம்பி!”

மெக்கானிக் பையைக் கீழே வைப்பதற்குள் வீட்டுக்கார அம்மா ஆரம்பித்துவிட்டார்.

“என் சட்டை ஒண்ணு விடாம டிரையர்ல போட்டுச் சுருக்கி வச்சிருக்கார். இதைப் பாருங்க, பட்டன் போட முடியுதா? குறைஞ்ச சூட்டுல போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல வாங்கினாத்தானே?”

கணவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். “என் தப்புதான்” என்றார்.

“இதை மட்டும் நல்லா சொல்வார்!”

அந்த அம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போனார். அப்பாடா என்றிருந்தது மெக்கானிக்குக்கு. தொழிலில் எத்தனையோ வாய்களைப் பார்த்தவர்தான், ஆனால் இது தனி ரகம். பாவம், இந்த மனுஷன் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ!

ஃபில்டரை வெளியே இழுத்தார். ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு. காற்று வெளியே போகிற குழாயிலும் அதே கதை.

“சார், ஒவ்வொரு தடவையும் துணியை எடுத்ததும் இந்த வலையைச் சுத்தம் பண்ணணும். காத்து போக வழியில்லாம உள்ளேயே சூடு ஏறி, ஹீட்டர் கம்பி அறுந்து போச்சு பாருங்க. அறுந்த இடத்துல எவ்வளவு தூசி! நாலு மாசமாவது ஆகியிருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“அப்போ இத்தனை நாளா இது வெறும் காத்துதானே ஊதியிருக்கு? துணி எப்படி சார் சுருங்கும்?”

கணவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“மெதுவாப் பேசுங்க. துணி சுருங்கலை. மாத்திரையால அவ உடம்பு போட்டுடுச்சு. போன தடவை அதுக்காகவே மாத்திரையை நிறுத்தித்தான் ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கிடந்தா. பொழைச்சதே பெரும்பாடு. வீட்டுல இருந்த எடை மெஷினைக்கூட ஒளிச்சு வச்சுட்டேன்.”

“ஹீட்டரை மாத்தியிருக்கலாமே?”

“உங்களைக் கூப்பிட்டா குட்டு உடைஞ்சுடுமே! அவ துணியை மட்டும் ஃபேன்ல காய வச்சுடுவேன். தயவுசெஞ்சு சூடு ஜாஸ்தின்னு சொல்லிடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

மெஷின் விஷயத்தில் மெக்கானிக் பொய் சொன்னதே இல்லை. புதுக் கம்பியை மாட்டினார். குழாயைச் சுத்தம் செய்தார். அந்த அம்மா வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சூடு ரொம்ப ஜாஸ்திம்மா. துணி சுருங்காம என்ன செய்யும்? இனிமே சாரை இந்தப் பக்கமே விடாதீங்க.”

“கேட்டீங்களா? நான் சொன்னா காதுல வாங்கலையே!” என்று கணவரை முறைத்தார் அவர். கணவர் தலையைத் தொங்கப் போட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

வாசல் வரை கூடவே வந்த அந்த அம்மா, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஹீட்டர்தானே போச்சு?”

மெக்கானிக் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“துணி மடிக்கிறது நான்தானே தம்பி. சில்லுன்னு வர்ற துணி சுருங்குமா? எடை ஏறினதும் தெரியும். மாத்திரையை நிறுத்த மாட்டேன், பட்டது போதும். ஈர பனியனோட வேலைக்குப் போய் அவருக்கு இருமல் வந்துடுச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

“அப்புறம் ஏம்மா அவரை அந்தப் போடு போடுறீங்க?”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தும் நான் வாயே திறக்கலை தம்பி. அவருக்கும் ஒரு வாய் சாப்பாடு இறங்கலை. ஒருநாள் இந்தச் சட்டைக்காக அவரைப் பிடிச்சு நல்லா திட்டினேன். அன்னிக்குத்தான் மனுஷன் தட்டுல இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டார்.”