எடுத்துக்கொள்ளப்பட்ட இருவர்

தெருவே அவரை ‘வருகைக்காரர்’ என்றுதான் கூப்பிடும். எந்த வேலை சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

“பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. நேத்து அந்த ஈரத்துல வழுக்கி விழப் பாத்தாங்க. ஒரு வாஷர் மாத்தினா போதும்ங்க,” என்றாள் மனைவி.

“ஆண்டவர் வருகை வாசல்ல நிக்குது. விசுவாசிகளை இருந்த இடத்துல இருந்தே மேல எடுத்துக்கிட்டுப் போகப்போற நேரத்துல உனக்குக் குழாய் கேக்குதா?” என்று ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மனைவியின் செருப்பு வாசலில் இருந்தது. விரித்த வேதாகமத்தின் மேல் அவளுடைய மூக்குக்கண்ணாடி. அவளை மட்டும் காணோம்.

பக்கத்து வீட்டுக்கு ஓடினார். மெஷினில் பாதி தைத்த சட்டை, அருகில் ஆவி பறக்கும் தேநீர். தையல்காரம்மாவும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆண்டவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். இருபது வருஷமாகக் காத்திருந்தவரை மட்டும் விட்டுவிட்டார்.

“ஆண்டவரே, இதைக் கையோட முடிச்சிடறேன். ஒரு தடவை திரும்பிப் பாருங்க,” என்று அழுதுகொண்டே குழாயடியில் உட்கார்ந்தார். ஸ்பேனரும் புது வாஷரும் அங்கேயே தயாராக இருந்தது அவருக்கு விசித்திரமாகப் படவில்லை.

மொட்டை மாடியில் இரண்டு பெண்கள் வெறுங்காலோடு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது.

“பாவம், அழறாருங்க. இறங்கிடலாமா?” என்றார் தையல்காரம்மா.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் மனைவி. “உங்க ஜன்னல் கொக்கியும் கழண்டுதானே கிடக்கு? அதுவும் அவர் கண்ணுல படட்டும்.”