புதுத் தந்தி

ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து அவள் குட்டி கிட்டார் போலிருக்கும் உகுலேலேயின் நான்காவது தந்தியை முறுக்குகிறாள். சாய்ந்த வெயில் மடியில் விழுந்து கிடக்கிறது. புது நைலான் இழுபட்டுக்கொண்டே போகிறது. ஒன்றைச் சுருதி சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முந்தையது இறங்கிவிடுகிறது. "இந்த டொய்ங் டொய்ங் கேட்டாலே தலை வலிக்குது" என்று கணவன் சொன்ன நாளிலிருந்து ஏழு வருஷம் அந்த உகுலேலே பீரோவின் மேல் கிடந்தது. இன்று அவனே தந்தி வாங்கி வந்து, செருப்பைக் கழற்றும்போதே உறையை நீட்டினான். அவள் அப்போதே ஸ்டூலைப் போட்டு ஏறி அதை இறக்கினாள். இப்போது விரல் நுனி எரிகிறது. அதையும் பொருட்படுத்தாமல் மீட்டுகிறாள். நாலு தந்தியும் ஒருவழியாக ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கின்றன.

"வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல குடும்ப விழா. ரெண்டு பாட்டு வாசிச்சாப் போதும்" என்கிறான் கணவன், கதவில் சாய்ந்தபடி. அவள் விரல்கள் நிற்கின்றன.

"இதுக்குத்தான் வாங்கினீங்களா?"

"பின்னே? நான்தான் உனக்குக் கத்துக்கொடுத்தேன்னு மேனேஜர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். யாராவது கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு."

அவள் எழுந்து போய் உகுலேலேயை அவன் கையில் கொடுக்கிறாள். "எங்க, எனக்குக் கத்துக்கொடுத்ததை வாசிங்க, கேப்போம்." அவன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டவன்போல, எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் அவன் அதை ஏந்தி நிற்கிறான். அவள் மறுபடி கட்டிலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தையே பார்க்கிறாள்.