இரு பிரிவுக்கும் ஒரே சராசரி

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. பாளையங்கோட்டையில் காலை முதல் விடாத தூறல். கல்லூரியின் துறை அறையில் பேராசிரியை சாலோமி இரண்டு விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே திகைத்து அமர்ந்திருக்கிறார். ‘ஏ’ பிரிவுக்கு விரிவுரை மட்டும் நிகழ்த்தினார். ‘பி’ பிரிவுக்குக் குழு விவாதம் வழியே கற்பித்தார். எந்த முறை சிறந்தது என்பதே அவருடைய நான்காண்டு முனைவர் பட்ட ஆய்வு. நாளை நெறியாளரிடம் முடிவைக் காட்ட வேண்டும். இரு பிரிவுக்கும் சராசரி அறுபத்தெட்டு. மூன்றாம் முறை கூட்டியும் அதுவே. குழல்விளக்கு கண்சிமிட்டுகிறது. காரணம் கேட்க அழைத்த ‘பி’ பிரிவு மாணவி தஸ்மியா, ஈரக் குடையின் நுனியால் தரையில் கோடிழுத்தபடி நிற்கிறாள். “பேட்டை பஸ்ல எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம், மிஸ். ஏ செக்‌ஷன் பிள்ளையளுக்கு லெக்சர் ஒண்ணும் வெளங்கலயாம். தெனம் சாயந்தரம் நான்தான் பாடம் நடத்துனேன்.” “ஏட்டி, பஸ்லயா?” “சீட்டு கெடைச்சா உக்காந்து, இல்லன்னா கம்பியப் புடிச்சிக்கிட்டு. தப்பா, மிஸ்?” கடிந்துகொள்வதா, கட்டிக்கொள்வதா என்று சாலோமிக்குப் பிடிபடவில்லை. குழு விவாத முறை வென்றதா என்பதும் தெரியவில்லை. ஆய்வு அட்டவணையில் ‘ஏ’ பிரிவுக்கு நேரே, ‘கற்பித்தவர்’ என்னும் கட்டத்திலுள்ள தம் பெயரைப் பையக் கோடிட்டு அடிக்கிறார். “ஒன் இனிஷியல் என்னட்டி?” என்கிறார். அப்போது மணி நான்கு பதினேழு.