திரும்பிக்கொள்ளும் கேமரா

மறுபடியும் திருப்பி வைத்துவிட்டார்கள்.

உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த போனில் ஒரு பைக்கின் சீட் தெரிந்தது. சீட்டின் மேல் காயப்போட்ட குழந்தையின் ஸ்வெட்டர் தெரிந்தது. கேட்டைக் காணோம்.

நல்ல பிள்ளைகள்தான், புது பைக் மேல் ஒரு கண் இருக்காதா என்று அவள் நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் கேட்டை ஓர் ஓரமாகவாவது விட்டு வைத்திருக்கலாம்.

பீன்ஸ் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு, திரையில் இருந்த இடது அம்புக்குறியைத் தொடப்போனாள். அதற்குள் போன் அடித்தது.

வீட்டை வாங்கியவள்தான்.

வீட்டை விற்றுவிட்டு இந்த மாடிக்குக் குடிவந்தபோது, கேமராவைக் கழற்ற வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். மலிவு சாமான், கழற்றினால் சுவர்தான் பெயரும். கேமராவும் இன்டர்நெட் இணைப்பும் அதன் பாஸ்வேர்டும் அப்படியே கைமாறின. அவள் போனுக்கு வந்துகொண்டிருந்த படம் மட்டும் கைமாறவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகவும் நினைவுபடுத்தவில்லை.

"அக்கா, இந்தக் கேமராவுக்குப் பேய் புடிச்சிருச்சுக்கா! பைக்கப் பாக்கட்டும்னு இவர் ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பி வெக்கிறார். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, அது பாட்டுக்குக் கேட்டுப் பக்கம் திரும்பி நிக்குது. எங்க மாமியார் இப்பல்லாம் அதுக்குக் கீழ நின்னு எங்களத் திட்டக்கூட மாட்டேங்கறாங்க. அந்த ஒரு லாபம்தான்."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தாள்.

"ஆஃப் பண்ணிப் போட்டுப் பாத்தியாம்மா?"

ஆஃப் செய்து போட்டார்களாம். அடாப்டரை மாற்றினார்களாம். ஸ்க்ரூ லூசாகிவிட்டதோ என்று முடுக்கினார்களாம். கடைசியில் கேமரா மாட்டுகிற ஆளையே வரவழைத்துவிட்டார்களாம்.

"மோட்டார்ல ஒரு கோளாறும் இல்லன்னுட்டார்க்கா. எங்க போன்ல ஏத்தலாம்னா, ஏற்கெனவே வேற போன்ல இருக்குன்னு வருதாம். பழைய வீட்டுக்காரங்க மறந்திருப்பாங்கன்னார். நீங்க உங்க போன்லேர்ந்து ஒரு அமுக்கு அமுக்கி எடுத்துவிட்டாப் போதுமாம். நான் லைன்லயே இருக்கேன்க்கா."

பக்கத்து அறையில் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரையைக் கீழே தள்ளினாள். அடியில் சிவப்பு எழுத்தில் 'நீக்கு' என்று இருந்தது.

அந்தக் கேட் ஒரு மாதிரியான கேட். கொக்கி உள்பக்கம் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடாது. தட்டுவார்கள், ஆட்டுவார்கள், கூப்பிடுவார்கள். கேட்டை லேசாகத் தூக்கி, கம்பிக்கு நடுவே கையை விட்டு, கொக்கியை மேலே தள்ளினால் சத்தமே இல்லாமல் திறக்கும். அந்த வீட்டில் வளர்ந்த கைக்குத்தான் அது தெரியும்.

இத்தனை மாதமாக அவள் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்ததே இல்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூரியர்காரரின் கை தட்டியது. தண்ணீர் கேன் போடுகிறவரின் கை ஆட்டியது. வீட்டை வாங்கியவளின் கணவர் கைக்கே இன்னும் பழகவில்லை. தினமும் கொக்கியைத் தேடித் தடுமாறி, பிறகு மனைவியைக் கூப்பிட்டது.

புது விலாசத்தை அந்த வீட்டில் எழுதிக் கொடுத்துவிடு, யார் தேடி வந்தாலும் அனுப்பிவைப்பார்கள் என்று தங்கை சொல்லியிருந்தாள். எழுதிக் கொடுத்தும் ஆயிற்று. ஆனால் மகன் யாரிடமும் கேட்கமாட்டான். அப்பாவோடு வாய் வார்த்தை முற்றி, போனைக்கூட மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனவன். கதவைத் திறப்பது வேற்று முகமாக இருந்தால், வாயைத் திறக்காமல் வந்த வழியே போய்விடுவான்.

வீட்டை விற்றது அவனுக்குத் தெரியாது.

"என்னக்கா, எடுத்துட்டீங்களா?"

சிவப்பு எழுத்தின் மேலே நின்ற கட்டைவிரலை அவள் எடுத்தாள். திரையை மேலே கொண்டுவந்து, இடது அம்புக்குறியில் வைத்து அழுத்தினாள்.

பைக் நகர்ந்தது. சுவர் நகர்ந்தது. சுருட்டி வைத்த ரப்பர் குழாய் நகர்ந்தது. வாயைப் பிளந்தபடி கேமராவையே அண்ணாந்து பார்க்கும் குழந்தை வந்தது.

"அம்மா, திரும்புது, திரும்புது!"

குழந்தையின் கத்தல் ஸ்பீக்கரில் கேட்டது.

கேட் வந்து திரையின் நடுவில் நின்றது. மூடியிருந்தது.

"அக்கா...?"

"வேண்டாம்மா" என்றாள் அவள், மெதுவாக. "அது அங்கேயே பாத்துக்கிட்டு இருக்கட்டும்."