முன்கண்ணாடியில் வெந்நீர்

கெட்டில் இன்னும் சோனுனின் கையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. காரின் முன்கண்ணாடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் விரிசல் ஓடியிருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மகள் பெகிமாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். உறைகுளிரில் கிடந்த கண்ணாடியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றியிருக்கிறாள் அம்மா. நாரின் என்ற அந்தப் பனிமலைப் பக்கத்தில் சின்னப்பிள்ளைகூடச் செய்யாத காரியம்.

“ஏம்மா இப்படிப் பண்ணினே?”

சோனுன் வாயைத் திறக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்து நின்றுவிட்டார் எசென்பெக், செத்துப்போன கணவனின் அண்ணன். வீட்டுக்கு மருமகளாக வந்தவள் கணவனின் அண்ணனிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது, அவர் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. பேச வேண்டியது எதுவாக இருந்தாலும் பெகிமாய் வழியாகத்தான்.

கார் அவருடையது. கணவாய்க்கு அந்தப் பக்கம், டவுனில் ஒரு பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் பெகிமாய்க்கு வேலை பேசி முடித்திருப்பதாகச் சொன்னவரும் அவர்தான். மதியத்துக்குள் போய் நிற்க வேண்டும், தவறினால் வேலை அடுத்தவளுக்கு என்றார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெகிமாய். பட்டம் வாங்கித் திரும்பியதிலிருந்து அடுப்புக்குச் சாண வறட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வேலையும் போனால் இனி வறட்டிதான்.

கணவாய் ஏறும்போது காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும், கண்ணாடியில் ஒரு கோடு இருந்தாலும் பாதை தெரியாது, சுத்தமாகத் துடைக்கச் சொல் என்று பெகிமாயிடம் உத்தரவு போட்டுவிட்டு, எசென்பெக் எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டான போர்சோக்கைத் தேநீரில் தோய்த்துத் தின்ன உட்கார்ந்திருந்தார். தன் காரைத் தானே துடைக்கும் ஆண்பிள்ளை அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

எப்படித் துடைப்பது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது பெகிமாய். கல்லூரி நாட்களில் கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்துத்தான் வயிற்றைக் கழுவினாள். பனியைக் கத்தியால் சுரண்டாதே, பிளாஸ்டிக் போதும். தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்துகொள், உறையாது. துடைக்க ஒரு துணி, உலர்த்த வேறு துணி. உள்பக்கம் மேலும் கீழுமாக, வெளிப்பக்கம் குறுக்காக. கோடு விழுந்தால் எந்தப் பக்கத்தில் என்று அப்போதுதான் தெரியும். பின்கண்ணாடிகளில் பெரியப்பா கறுப்புத்தாள் ஒட்டியிருக்கிறார், அதை மெல்ல ஒற்றியெடு, தேய்த்தால் உரிந்துவிடும். எது செய்தாலும் வெந்நீர் மட்டும் வேண்டாம்.

அத்தனைக்கும் தலையாட்டியவள்தான் இப்போது கெட்டிலோடு நிற்கிறாள்.

எசென்பெக் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். திட்டு எல்லாம் பெகிமாயைப் பார்த்து, போய்ச் சேர வேண்டியது அம்மாவுக்கு.

“அன்னைக்கு உங்கம்மா தலையில வெள்ளை முக்காட்டப் போட்டு, என் தம்பிக்குப் பொண்டாட்டின்னு இழுத்துட்டு வந்தோம். என்னா கத்து கத்தினா தெரியுமா. அந்தத் தொண்டையில பாதி மூளை இருந்திருந்தா என் கண்ணாடி தப்பிச்சிருக்கும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பக்கத்து ஊரில் ஒருவனிடம் கார் இருக்கிறது, நடந்துபோய் வாங்கிவருகிறேன், சாயங்காலம் கிளம்பலாம் என்றார். மதியம் தாண்டிவிடுமே என்று பெகிமாய் குரல் உடைந்து கேட்டாள்.

“தாண்டினா என்ன, அவங்க காத்திருப்பாங்க. உடுத்தின நல்ல துணிய மட்டும் மாத்திடாத.”

வெறும் ஆறுதல் என்றுதான் அவளுக்குப் பட்டது. எந்த முதலாளி சாயங்காலம் வரை காத்திருப்பான்? பஸ் பனி விழுந்த நாளிலிருந்து வருவதில்லை. ஊரிலிருந்த ஒரே கார் இதோ, விரிசலோடு நிற்கிறது.

அவர் தெருவில் இறங்கியதும் அடக்கி வைத்ததெல்லாம் அம்மாவின் மேல் பாய்ந்தது. நாலு வருஷம் நான் பட்ட பாட்டை ஒரு கெட்டில் தண்ணீரில் கரைத்துவிட்டாய், நீ கிடக்கிற இந்த அடுப்படியிலேயே நானும் கிடந்து சாக வேண்டுமா என்றாள். இன்னும் மோசமாகவும் சொன்னாள். சோனுன் தடுக்கவில்லை. எசென்பெக்கின் தொப்பி தெருமுனையில் திரும்பி மறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெகிமாய் அழுது ஓய்ந்து காரின் மேல் சாய்ந்தாள். வெயில் அப்போதுதான் கண்ணாடியில் விழுந்தது. விரிசலைத் தவிர அதில் ஒரு குறை இல்லை. வெளியே குறுக்காக, உள்ளே மேலும் கீழுமாக, ஒரு கோடு இல்லாமல் துடைத்து முடித்திருந்தாள் அம்மா. வெந்நீர் படாத ஓரங்களில்கூட உறைபனி துளியும் மிச்சமில்லை. அதற்கப்புறமும் போய் எதற்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள்?

“சொன்ன எல்லாத்தையும் சரியாப் பண்ணியிருக்கே. வெந்நீர் ஊத்தக் கூடாதுங்கறத மட்டும் எப்படிம்மா மறந்தே?”

“மறக்கல.”

சோனுன் கெட்டிலைக் கீழே வைத்தாள். கறுப்புத்தாள் ஒட்டிய பின்கண்ணாடியை ஒருதரம் பார்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பின்சீட்டுல புது வெள்ளை முக்காடு மடிச்சு வச்சிருக்குடி.”